தீயை அளந்த தீரர்

பொதிகையிலே பிறந்து புன்னைக்காயலிலே கடலோடு கலக்கிறது தாமிரபரணி. ஏறத்தாழ 125 கிலோமீட்டர் பயணம். அந்தப் பயணத்திலே பாபநாசம் வரையில் அது மலையிலிருந்து குதிக்கும் ஆறு. அதற்குப் பிறகு அம்பாசமுத்திரம், சேரன்மாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம் என்று வயலுக்கு வயல் விசாரித்துக்கொண்டு நடக்கும் ஆறு. குதிக்கும் இடத்தில்தான் வேகம். வேகம் இருக்கும் இடத்தில்தான் வேலை. அதைக் கண்டுகொண்ட ஹார்வி கம்பெனியார் 1880களிலே விக்கிரமசிங்கபுரத்தில் நூற்பாலை வைத்து, ஆற்று நீரைக் கொண்டே எந்திரத்தைச் சுற்றவைத்தார்கள். அதே இறக்கத்திலே 1944-ஆம் ஆண்டு பாபநாசம் மின்நிலையம் வேலை தொடங்கியது.

எவ்வளவு தண்ணீர், எவ்வளவு உயரத்திலிருந்து விழுகிறது - இந்த இரண்டையும் சொல்லிவிட்டால், அதிகபட்சம் எவ்வளவு வேலை கிடைக்கும் என்று பள்ளிப் பிள்ளையும் கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்குக்கு மேலே குன்றிமணி அளவுகூட எந்தக் கொம்பனாலும் கறந்துவிட முடியாது.

ஆனால், தூத்துக்குடியிலே அருவி ஏது? கடலோடு கடலாகக் கிடக்கும் சமவெளி அது. அங்கே எந்திரம் சுற்றவேண்டுமானால் தீயைத்தான் நம்பவேண்டும். வ.உ.சிதம்பரனார் 1906-இலே தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியின் காலியாவும் லாவோவும் கரியைத் தின்றுதான் கடலிலே ஓடின. கப்பல் முதலாளிக்கும் சரி, ஆலை முதலாளிக்கும் சரி, இரவிலே தூக்கத்தைக் கெடுக்கும் கணக்கு ஒன்றுதான்: ஒரு மூட்டைக் கரிக்கு எவ்வளவு வேலை?

தண்ணீருக்கு இருப்பதுபோலத் தீக்கும் ஓர் எல்லை உண்டா? உண்டென்றால் அது எங்கே இருக்கிறது? 1824-ஆம் ஆண்டு வரையில் இந்தக் கேள்விக்கு உலகத்திலே ஒருவருக்கும் விடை தெரியாது. விடையைக் கண்டு சொன்னவர் 28 வயது பிரெஞ்சு இளைஞர். பெயர் சாடி கார்னோ. தோழர்களே, அவருடைய கதையைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

அரண்மனையிலே பிறந்தவர்

1796-ஆம் ஆண்டு சூன் முதல் நாள் பாரிசிலே, சிறிய இலக்சம்பர்க் அரண்மனையிலே பிறந்தார் சாடி கார்னோ. அரண்மனை என்றதும் அரச குலம் என்று எண்ணிவிடாதீர்கள். மன்னனைத் தூக்கி எறிந்த புரட்சி அரசின் ஐந்து தலைவர்களில் ஒருவராக அப்போது இருந்தவர் அவருடைய தந்தை இலசார் கார்னோ. அதனால் அந்த மாளிகை குடியிருப்பாயிற்று. ஷீராஸ் நகரத்துப் பாரசீகக் கவிஞர் சாடியின்மீது கொண்ட மதிப்பினால் பிள்ளைக்கு அந்தப் பெயரை வைத்தார் தந்தை.

அந்தத் தந்தை சாதாரண மனிதரல்லர். நாலாபுறமும் பகைவர் சூழ்ந்தபோது புரட்சிப் படைகளைத் திரட்டி ஒழுங்குபடுத்தி, வெற்றியின் அமைப்பாளர் என்று பெயரெடுத்தவர். நெப்போலியன் முடிசூட்டிக்கொள்ளத் துடித்த 1804-இலே, ஊரே தலையாட்டியபோது, எதிர்த்து வாக்களித்தவர். அவர் கணித மேதையும்கூட. 1783-இலேயே எந்திரங்களைப்பற்றி ஒரு நூல் எழுதினார். மோதலும் அதிர்ச்சியும் எந்திரத்தின் ஆற்றலை வீணாக்கும், தண்ணீர் சக்கரத்திலே மோதாமல் புகவேண்டும், வேகமெல்லாம் இழந்து வெளியேற வேண்டும், அப்போதுதான் முழுப்பயன் கிடைக்கும் என்பது அவர் கண்ட முடிவு. மகன் பின்னாளிலே தீக்குச் செய்ததை, தந்தை முன்னாளிலே தண்ணீருக்குச் செய்துவைத்தார்.

சாடிக்கு நான்கு வயது இருக்கும். நெப்போலியன் அப்போது நாட்டின் முதல் அதிகாரி. அவருடைய மனைவியும் தோழியரும் குளத்திலே படகோட்டிக்கொண்டிருக்க, கரையிலே நின்ற நெப்போலியன் கல்லெறிந்து அவர்கள்மீது தண்ணீர் தெறிக்கும்படி விளையாடினாராம். ஓடிப்போய் எதிரே நின்று, பெண்களைத் தொல்லைப்படுத்தலாமா என்று அதட்டினானாம் சிறுவன் சாடி. ஐரோப்பாவே அஞ்சிய மனிதர் சிரித்துவிட்டாராம். தம்பி இப்போலித் எழுதிவைத்த செய்தி இது.

புயலிலே சிக்கிய படிப்பு

1812-இலே, 16 வயதிலே, பாரிசின் புகழ்பெற்ற பாலிடெக்னிக் கல்லூரியிலே சேர்ந்தார் சாடி. 1814 மார்ச்சிலே பகைவர் படை பாரிசை நெருங்கியபோது, மாணவத் தோழர்களோடு துப்பாக்கி ஏந்தி வின்சென் கோட்டைப் பக்கம் நின்று போரிட்டார். போரிலே பிரான்சு தோற்றது. பிறகு மெட்சு நகரிலே இராணுவப் பொறியியல் பயின்றார்.

1815-இலே நெப்போலியன் வாட்டர்லூவில் வீழ்ந்தார். மன்னர் ஆட்சி திரும்பியது. இலசார் கார்னோ நாடுகடத்தப்பட்டார். நேற்றுவரை தந்தையின் பெயரைச் சொன்னால் திறந்த கதவுகள், இன்று அதே பெயரைக் கேட்டதும் மூடிக்கொண்டன. இளைஞரைக் கோட்டைக்குக் கோட்டை மாற்றினார்கள். சுவரை அளப்பதும் படம் வரைவதும் அறிக்கை எழுதுவதுமே வேலை. உள்ளே கனன்றுகொண்டிருந்த அறிவுக்கு அது தீனி ஆகுமா? 1819-இலே அரைச் சம்பளத்தோடு நீண்ட விடுப்பு எடுத்துக்கொண்டு பாரிசுக்கே வந்துவிட்டார். சிறு வீடு, சில நூல்கள், சில நண்பர்கள். கல்லூரிச் சொற்பொழிவுகளைக் கேட்டார், தொழிற்சாலைகளுக்குள் நுழைந்து எந்திரங்களைப் பார்த்தார், பொருளாதாரம் படித்தார்.

1821-இலே செருமனியின் மாக்டபர்க் நகருக்குச் சென்று, நாடிழந்த தந்தையைக் கண்டார். திரும்பி வந்தபோது அவர் நெஞ்சிலே ஒரே எண்ணம் - நீராவி எந்திரம்.

ஏன் நீராவி? தாயகம் தோற்றது துப்பாக்கியால் மட்டுமல்ல என்பதை அவர் உணர்ந்திருந்தார். இங்கிலாந்தின் வலிமை அதன் கடற்படையிலே இல்லை; சுரங்கத் தண்ணீரை இறைத்து, கரியையும் இரும்பையும் மேலே கொண்டுவந்து தரும் நீராவி எந்திரத்திலே இருக்கிறது என்று கணித்தார். கடற்படை அழிந்தாலும் இங்கிலாந்து பிழைக்கும், நீராவி எந்திரம் போனால் பிழைப்பது கடினம் என்பது அவர் கருத்து.

அப்போதைய எந்திரங்களின் நிலை என்ன? 1712-இலே நியூகோமன் செய்த எந்திரம் கரியின் வெப்பத்திலே நூற்றுக்கு ஒரு பங்கைக்கூட வேலையாக்கவில்லை. வாட் 1769-இலே உரிமம் பெற்ற மாற்றத்தினால் கரிச்செலவு பெரிதும் குறைந்தது. கார்னோ காலத்து நல்ல எந்திரமோ நூற்றுக்கு ஐந்தாறு பங்கு தந்தது. அழுத்தத்தைக் கூட்டலாம் என்றார் ஒருவர். நீராவிக்குப் பதில் சாராய ஆவியைப் போடலாம் என்றார் இன்னொருவர். காற்றே போதும் என்றார் மற்றொருவர். எல்லாம் கைப்பழக்கம், இருட்டிலே துழாவல். எங்கே முடிவு என்று அறிந்து சொல்ல ஆள் இல்லை.

பாரம் தூக்கும் கணக்கு

கார்னோ கண்டதை ஒரு சிறு கணக்கினால் விளங்கிக்கொள்ளலாம். காகிதமும் பென்சிலும் போதும்.

ஒரு சிலிண்டருக்குள்ளே 1 அடி உயரத்துக்குக் காற்று அடைபட்டிருக்கிறது. மேலே பிஸ்டன். பிஸ்டன் தலையிலே 10 கல் பாரம். வெளிக்காற்றின் அழுத்தத்தை இப்போதைக்கு மறந்துவிடுவோம். சூடு மாறாமல் பார்த்துக்கொண்டால், பாரம் பாதியாகும்போது காற்று இரண்டு மடங்கு விரியும். பத்தில் ஒன்றானால் பத்து மடங்கு விரியும். 1662-இலே பாயில் கண்ட விதி இது.

முதல் வழி: 9 கல்லை ஒரேயடியாகத் தட்டிவிடுகிறோம். எஞ்சிய ஒரு கல்லைத் தூக்கிக்கொண்டு பிஸ்டன் 1 அடியிலிருந்து 10 அடிக்குத் தாவுகிறது. ஒரு கல், 9 அடி உயர்ந்தது. கிடைத்த வேலை 9.

இரண்டாவது வழி: முதலில் 5 கல்லை எடுக்கிறோம். மீதி 5 கல் 2 அடி உயரத்துக்கு வருகிறது, வேலை 5. பிறகு 4 கல்லை எடுக்கிறோம். ஒரு கல் 2 அடியிலிருந்து 10 அடிக்குப் போகிறது, வேலை 8. ஆகமொத்தம் 13.

மூன்றாவது வழி: 10-லிருந்து 5, 5-லிருந்து 2, 2-லிருந்து 1 என்று மூன்று தவணையாக இறக்குகிறோம். 5 கல் ஓர் அடி உயர்ந்தது 5. 2 கல் மூன்று அடி உயர்ந்தது 6. ஒரு கல் ஐந்து அடி உயர்ந்தது 5. கூட்டினால் 16.

அதே காற்று, அதே தொடக்கம், அதே முடிவு. ஆனால் வேலை 9, 13, 16 என்று ஏறுகிறது! தவணையைக் கூட்டிக்கொண்டே போனால் வேலையும் கூடிக்கொண்டே போகும். கல்லுக்குப் பதிலாக மணலை வைத்து, ஒவ்வொரு மணியாக எடுத்தால் எவ்வளவு கிடைக்கும்? 23. அதுதான் எல்லை. அதற்குமேல் ஒரு மணலையும் தூக்கமுடியாது. பாரத்தைப் படபடவென்று தட்டிவிட்டவன் 23-ல் 14-ஐத் தெருவிலே கொட்டியவன் ஆகிறான்.

தவணையாக இறக்குவதிலே என்ன மாயம்? மணல் மணியாக எடுக்கும்போது உள்ளே இருக்கும் அழுத்தமும் மேலே இருக்கும் பாரமும் எப்போதும் ஏறத்தாழச் சமம். எடுத்த மணலை மறுபடி வைத்தால் பிஸ்டன் வந்த வழியே திரும்பிவிடும். திரும்பிச் செல்லக்கூடிய வழியிலேதான் வேலை முழுமையாகக் கிடைக்கிறது. திரும்ப முடியாத தாவலிலே வேலை தொலைகிறது.

கார்னோவின் மனம் இங்கிருந்து பாய்ந்தது. அழுத்தத்துக்குச் சொன்னதே சூட்டுக்கும் பொருந்தும் என்று கண்டார். கொதிகலனிலே இருக்கும் வெப்பம் குளிர்ந்த இடத்தை நோக்கி இறங்குகிறது. அந்த இறக்கத்திலேதான் வேலை பிறக்கிறது. பாபநாசத்திலே தண்ணீர் இறங்குவதுபோல! உச்சியிலே தண்ணீர் நிறைந்திருந்து பயனில்லை; அது இறங்குவதற்குப் பள்ளம் வேண்டும். அப்படியே, வெறும் சூடு மட்டும் வேலை செய்யாது. அருகிலே குளிர்ச்சியும் வேண்டும். சூடான பொருளும் குளிர்ந்த பொருளும் வீணாகத் தொட்டுக்கொண்டு வெப்பம் வழிந்துபோனால், சக்கரம் இல்லாத பாறையிலே அருவி விழுந்ததற்குச் சமம்.

அடுத்து அவர் கண்டது அதைவிடப் பெரியது. எந்திரத்துக்குள்ளே நீராவி ஓடுகிறதா, காற்று ஓடுகிறதா, சாராய ஆவி ஓடுகிறதா என்பது முக்கியமல்ல. மேலே எவ்வளவு சூடு, கீழே எவ்வளவு குளிர் - இந்த இரண்டே எல்லையைத் தீர்மானிக்கின்றன. இல்லை, ஏதோ ஒரு பொருள் இதைவிட அதிகம் தரும் என்று வைத்துக்கொள்வோம். அந்த எந்திரத்தைக் கொண்டு கார்னோவின் எந்திரத்தைத் தலைகீழாக ஓட்டி, இறங்கிய வெப்பத்தை மறுபடி மேலே ஏற்றிவிடலாம். ஏற்றியது போகவும் வேலை மிஞ்சும். கரி எரியாமலே எந்திரம் என்றென்றும் ஓடும்! அப்படி ஓர் அற்புதம் எங்கும் நடந்ததில்லை, நடக்கவும் நடக்காது. ஆகவே எல்லை எல்லைதான்.

யாரும் வாங்காத நூல்

1824 சூனிலே, தீயின் உந்தாற்றலைப்பற்றிய சிந்தனைகள் என்ற பொருளிலே தலைப்பிட்டு, 118 பக்கத்தில் ஒரு சிறு நூலாக இதை வெளியிட்டார் கார்னோ. அச்சுக்கூலி அவருடைய சொந்தப் பணம். 600 படிகள் அச்சாயின. அறிவியல் கழகத்திலே படித்துக் காட்டினார்கள். பாராட்டி மதிப்புரையும் ஒன்று வந்தது. அவ்வளவுதான். எந்திரம் செய்பவர்கள் திரும்பிப் பார்க்கவில்லை. பேராசிரியர்கள் பேசவில்லை.

நூலிலே ஒரு பிழையும் இருந்தது. வெப்பம் என்பது அழியாத ஒரு நுண்ணிய பாய்பொருள், தண்ணீர்போல விழுந்தாலும் அளவு குறையாது என்று அந்தக் காலத்தார் நம்பினார்கள். கார்னோவும் அந்த அடிப்படையிலேதான் எழுதினார். ஆனால் அவர் தம் பிழையைத் தாமே சந்தேகித்தவர். பிறகு எழுதிய குறிப்புகளிலே, வெப்பத்தின் ஒரு பகுதி வேலையாகவே மாறிவிடுகிறது என்ற முடிவுக்கு வந்தார். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம், ஒரு கிலோ பாரத்தை 370 மீட்டர் உயரம் தூக்கும் என்றும் கணக்கிட்டார். சரியான அளவு 427 மீட்டர். ஆங்கிலேயர் ஜூல் 1840களிலே அளந்து புகழ்பெற்ற உண்மையை, அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே தம் குறிப்பேட்டிலே எழுதிவைத்திருந்தார் அந்த மனிதர்.

குறிப்பேட்டை வெளியிட நாள் கிடைக்கவில்லை. 1828-இலே இராணுவத்தை விட்டே விலகினார். 1832 சூனிலே காய்ச்சல் கண்டது, மூளையையும் தாக்கியது. பாரிசுக்கு அருகே ஒரு மனநோய் விடுதியிலே சேர்த்தார்கள். அந்த ஆண்டு பாரிசிலே காலரா தாண்டவமாடிக்கொண்டிருந்தது. வங்கத்திலே புறப்பட்டு, வணிகர் வழியிலும் படைகள் வழியிலும் ஐரோப்பாவை எட்டிய நோய் அது. வாந்திபேதி என்று பெயர்சொல்லி நம் சிற்றூர்களும் நடுங்கிய அதே நோய். 1832 ஆகஸ்டு 24-ஆம் நாள் கார்னோ மடிந்தார். வயது 36. நோய் பரவிவிடும் என்று அஞ்சி, அவருடைய உடைமைகளோடு தாள்களிலும் பெரும்பகுதியை அழித்துவிட்டார்கள்.

தீயைப்பற்றி எழுதியவரின் எழுத்து இவ்வாறு மண்ணோடு போயிற்று. ஆனால் உண்மை போகவில்லை. 1834-இலே கிளாப்பிரோன் என்ற பொறியாளர் அந்தக் கருத்துகளை வரைபடமும் சமன்பாடுமாக மறுபடி எழுதினார். 1845-இலே பாரிசுக்கு வந்த இளைஞர் வில்லியம் தாம்சன் - பின்னாளிலே கெல்வின் பிரபு - கடைகடையாக ஏறி இறங்கிக் கார்னோவின் நூலைத் தேடினார். கிடைக்கவில்லை! பெயரைச் சொன்னால் தந்தையைத்தான் தெரிந்திருந்தது கடைக்காரர்களுக்கு. பின்னர் ஒரு படி கைக்கு எட்டியது. கார்னோவின் கருத்தைக் கொண்டே 1848-இலே வெப்பநிலைக்குத் தனி அளவுகோல் அமைத்தார் தாம்சன். 1850-இலே செருமானியர் கிளாசியசு, வெப்பம் வேலையாக மாறும் உண்மையையும் கார்னோ கண்ட எல்லையையும் இணைத்து, புதிய அறிவியலையே நிறுவினார். தப்பிய குறிப்புகளைத் தம்பி இப்போலித் 1878-இலே வெளியிட்டபோதுதான், அண்ணன் எவ்வளவு தூரம் போயிருந்தார் என்பது உலகுக்குத் தெரிந்தது. பிரான்சின் குடியரசுத் தலைவராகி, 1894-இலே கொலையுண்ட சாடி கார்னோ வேறு. அவர் இந்தத் தம்பியின் மகன்.

1893-இலே ருடால்ஃப் டீசல் தம் எந்திரத்தைப்பற்றி எழுதியபோது அவர் கண்ட கனவு, கார்னோவின் எல்லையை நெருங்கும் எந்திரம். கனவு முழுமையாகப் பலிக்கவில்லை. ஆனாலும் 1897-இலே அவர் ஓட்டிக்காட்டிய எந்திரம் நூற்றுக்கு 26 பங்கு தந்தது. நம் கரிசல் காட்டுக் கிணறுகளிலே தண்ணீர் இறைத்த ஆயில் என்ஜின் அதன் வழித்தோன்றல்தான்.

எந்த விதி, யார் போட்டது?

இந்தக் கணக்கு இன்றைக்கு நமக்கு எங்கே பயன்படுகிறது? திருநெல்வேலி மாவட்டத்துக் கடற்கரையிலே கூடங்குளம் இருக்கிறது. 2013-இலும் 2016-இலும் மின்சாரம் தரத் தொடங்கிய அதன் முதல் இரண்டு உலைகளிலே, ஒவ்வொன்றும் 3000 மெகாவாட் வெப்பத்தை உண்டாக்கி 1000 மெகாவாட் மின்சாரம் தருவதற்காக அமைந்தது. மீதி 2000 எங்கே? வெதுவெதுப்பான நீராகக் கடலுக்குப் போகிறது.

ஏன் இந்த வீண் என்று கேட்பவருக்குக் கார்னோவிடம் விடை இருக்கிறது. நீராவியின் சூடு ஏறக்குறைய 280 டிகிரி. கடல்நீரின் சூடு 30 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். கெல்வின் அளவுகோலிலே இவை 553, 303. இரண்டுக்கும் உள்ள இறக்கம் 250. அதை 553-ஆல் வகுத்தால் நூற்றுக்கு 45. எவ்வளவு கெட்டிக்காரப் பொறியாளர் வந்தாலும், இந்தச் சூட்டையும் இந்தக் கடலையும் வைத்துக்கொண்டு நூற்றுக்கு 45-க்கு மேலே எடுக்கமுடியாது. 55 பங்கு இயற்கை கேட்கும் வரி. அதோடு வழக்காட முடியாது. ஆனால் கையிலே வருவது 33 மட்டுமே. 45-க்கும் 33-க்கும் நடுவிலே தொலைகிற 12 இயற்கை எடுத்ததல்ல. உராய்விலும் அவசரத் தாவலிலும் வீணான தொடர்பிலும் நாம் இழப்பது. அதை முழுதும் மீட்கமுடியாது. ஆனால் அறிவினாலும் உழைப்பினாலும் குறைக்கலாம்.

தோழர்களே, நம் மொழியிலே விதி என்ற ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருக்கிறது. இயற்கையின் ஒழுங்கும் விதி, தலையெழுத்தும் விதி. இந்த இரண்டையும் குழப்பித்தான் ஏழையை எத்தனையோ காலம் ஏமாற்றினார்கள். கார்னோ செய்த தொண்டு, இயற்கை போட்ட கோடு எங்கே முடிகிறது என்று அளந்து காட்டியது. அளந்து காட்டியபின், கோட்டுக்கு இப்பால் நடக்கும் இழப்புக்கெல்லாம் மனிதனே பொறுப்பு.

1908-ஆம் ஆண்டு பிப்ரவரியிலே தூத்துக்குடிக் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலையை நிறுத்தினார்கள். விடியுமுன் நுழைந்து இருட்டியபின் வெளியேறும் வேலை நேரம், அரை வயிற்றுக்கும் போதாத கூலி, ஓய்வுநாள் இல்லாத வாரம் - இவையெல்லாம் மாற்றமுடியாதவை என்றே அதுவரை இருந்தன. சிதம்பரனாரும் சுப்பிரமணிய சிவாவும் உடன் நின்றார்கள். மார்ச்சிலே கூலி உயர்ந்தது. வேலை நேரம் குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை விடுமுறை கிடைத்தது. மாற்றமுடியாதது என்று சொல்லப்பட்டது சில நாளிலே மாறியது. அது இயற்கை போட்ட கோடல்ல, மனிதன் போட்ட கோடு!

நெருப்புக்கு முன்னே வியர்வை சிந்தும் தொழிலாளியிடம் இதற்குமேல் முடியாது என்று யாராவது சொன்னால், அவன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: இது எந்த விதி, யார் போட்டது? இயற்கை போட்டதானால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள், கார்னோ காட்டினார். கணக்கைக் காட்டமுடியாதவர் சொல்லும் எல்லை, எல்லையே அல்ல.